ரிமோட் விசாவில் குடும்பத்தோடு வெளிநாடு போகலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வயது 32. பெங்களூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குக் கொரோனா காலத்திலிருந்து வீட்டில் இருந்தபடியே வேலை செய்து வருகிறேன். பிடித்தம் போவதற்கு முன் மாதச் சம்பளம் 1,90,000 ரூபாய். மனைவி பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தனியார் மருத்துவமனையில் பணியாற்றுகிறார். நான்கு வயதில் ஒரு மகள். அப்பா குவைத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. அம்மா எங்களோடு இருக்கிறார். இங்குள்ள வேலையைச் செய்துகொண்டே வெளிநாட்டில் தங்க அனுமதிக்கும் டிஜிட்டல் நோமேட் விசாவில் (ரிமோட் விசா) போர்ச்சுகல் அல்லது ஸ்பெயின் போக விரும்புகிறேன். 4 லட்சம் ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகவும், இரண்டே ஆண்டுகளில் நிரந்தரக் குடியுரிமை கிடைத்துவிடும் என்றும் ஒரு ஏஜென்ட் சொல்கிறார். முன்பணமாக 25,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். என்.ஆர்.ஐ. ஆகிவிட்டால் இந்தியாவில் வருமான வரி கிடையாது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கம்பெனிக்குச் சொல்லாமல், இருக்கும் இடத்தை மறைக்கும் வி.பி.என். இணைப்பைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். திற்பரப்புப் பக்கம் 40 சென்ட் ரப்பர் விளை (தோட்டம்) வாங்க முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறேன். அதைப் போவதற்கு முன் பதிவு செய்வதா, பிறகா? கையில் சேமிப்பு சுமார் 6 லட்சம். வழி சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: கடிதத்தோடு உங்கள் பணி நியமன ஆணையின் நகலையும், ஏஜென்ட் கொடுத்த ரசீதின் நகலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. அந்த இரண்டு தாள்களைப் படித்த பிறகே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விகளில் பாதிக்குமேல் அதிலேயே அடங்கியிருக்கின்றன. நம் மாவட்டத்தில் வெளிநாட்டு வேலையைப் பற்றிய அறிவு பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து வந்தது. குளச்சலிலும் தக்கலையிலும் கருங்கலிலும் ஒரு தலைமுறைக்கு மேலாகக் குடும்பங்கள் அந்தப் பணத்தில் வீடு கட்டியிருக்கின்றன, பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன. அங்கே போனவருக்கு வேலை கொடுத்தது அந்த நாட்டு நிறுவனம், சம்பளம் அந்த நாட்டு வங்கியில் விழுந்தது, அங்கிருந்து வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்குக்கு வந்தது. அதனால் இந்தியாவில் அந்தச் சம்பளத்துக்கு வரி இல்லை. உங்கள் உறவினர்கள் சொல்வது அந்தக் கணக்கு; உங்கள் தந்தையின் விஷயத்தில் அது முற்றிலும் சரி. உங்கள் விஷயத்தில் வேலை பெங்களூரிலேயே இருக்கிறது, சம்பளம் மார்த்தாண்டம் கிளையிலேயே விழுகிறது, இடம் மாறுவது நீங்கள் மட்டும். ரிமோட் விசா ஒரு நாட்டில் தங்குவதற்கான அனுமதி. அது உங்களுக்கு வேலை தருவதில்லை, உங்கள் நிறுவனத்தின் சம்மதத்தையும் தருவதில்லை, எந்த நாட்டின் வரியிலிருந்தும் தானாக விடுவிப்பதும் இல்லை. வளைகுடாக் கணக்கை இங்கே கொண்டுவந்து பொருத்தினால் ஒவ்வொரு இடத்திலும் பிசகும்.

ஆகவே எந்த நாடு என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, நியமன ஆணையை எடுத்துக்கொள்வோம். அதன் மூன்றாம் பக்கத்தில் பணியிடம் பற்றிய பத்தி, நீங்கள் பெங்களூர் அலுவலகத்திலோ, 'நிறுவனம் எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட இந்திய முகவரி ஒன்றிலோ' இருந்து பணியாற்ற வேண்டும் என்று சொல்கிறது. அதற்கு இரண்டு பத்திகள் தள்ளி, வாடிக்கையாளரின் தரவுகளை எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் இந்தியாவுக்கு வெளியிலிருந்து அணுகக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கிறது. அதை மீறுவது பணிநீக்கத்துக்குரிய குற்றமாக அதே ஆணையில் குறிக்கப்பட்டிருக்கிறது. கையெழுத்துப் போடும்போது பெரும்பாலோர் சம்பள அட்டவணை உள்ள பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் இந்த இரண்டு பத்திகள் இருக்கும்போது, நிறுவனத்துக்குச் சொல்லாமல் வெளிநாட்டிலிருந்து வேலை செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை.

வி.பி.என். யோசனையை இன்றே கைவிட்டுவிடுங்கள். நிறுவனம் கொடுத்த லேப்டாப் எந்த நேரத்தில் எந்த இணைப்பிலிருந்து உள்ளே நுழைகிறது என்பது அவர்களுடைய பாதுகாப்புப் பிரிவின் பதிவேட்டில் இருக்கும்; நீங்கள் வி.பி.என். போட்டிருப்பதே அங்கே ஒரு எச்சரிக்கையாகப் பதிவாகலாம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ரிமோட் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் வேலை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும்; வெளிநாட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கிறோம் என்று நிறுவனம் எழுதிக்கொடுத்த கடிதத்தையும் பல நாடுகள் கேட்கின்றன. ஒரு நாட்டின் குடிவரவுத் துறையிடம் வெளிப்படையாகச் சொல்லும் செய்தியைச் சொந்த முதலாளியிடம் மறைத்து வைக்க முடியாது. அப்படியே மறைத்தாலும், ஏதாவது ஒரு நாளில் வெளிப்பட்டால் வேலையோடு சேர்ந்து அனுபவச் சான்றிதழும் போகும். குடும்பத்தோடு அந்நிய நாட்டில் இருக்கும்போது அது எத்தகைய நெருக்கடி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நிறுவனத்துக்கு எழுதும்போது 'வெளிநாடு போகலாமா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பொதுவான கேள்விக்கு மனிதவளப் பிரிவு இல்லை என்றுதான் பதில் சொல்லும். எந்த நாடு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மொத்தம் எத்தனை நாட்கள் என்று குறிப்பிடுங்கள். அந்த நாட்டில் இருக்கும்போது நிறுவனத்தின் சார்பில் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திட மாட்டேன், வாடிக்கையாளரைத் தேட மாட்டேன், நிறுவனம் தந்த கருவியில் மட்டுமே வேலை செய்வேன், சம்பளமும் வரிப் பிடித்தமும் வருங்கால வைப்பு நிதியும் இப்போது உள்ளபடியே தொடரலாம் என்று எழுதுங்கள். அவர்களுடைய அச்சம் என்னவென்றால், ஒரு ஊழியர் வெளிநாட்டில் நெடுநாள் தங்கி வேலை செய்தால், நிறுவனத்துக்கே அங்கே ஒரு நிலையான தொழிலிடம் இருப்பதாக அந்த நாட்டு வரித்துறை கருதி, நிறுவனத்தின் லாபத்தில் பங்கு கேட்டுவிடுமோ என்பதுதான். அந்த அச்சத்தைத் தணிக்கும் சொற்கள் உங்கள் கடிதத்திலேயே இருந்தால் சம்மதம் கிடைக்கும் வாய்ப்பு கூடும். பல நிறுவனங்கள் இதற்கென்று ஆண்டுக்கு இத்தனை நாட்கள் என்று ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். சம்மதம் மின்னஞ்சலிலோ கடிதத்திலோ வர வேண்டும். டீம் லீடர் வாய்ச்சொல்லாக 'சரி' என்பது எதற்கும் உதவாது.

சம்மதம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். போர்ச்சுகலும் ஸ்பெயினும் உங்கள் சம்பளத்துக்கு எட்டாது என்பதை ஏஜென்ட் சொல்லாமல் விட்டிருக்கிறார். 2022 அக்டோபர் இறுதியில் போர்ச்சுகல் தொடங்கிய இந்த விசாவுக்கு, அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் நான்கு மடங்கு மாத வருமானம் வேண்டும். 2025ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியமான 870 யூரோவை வைத்துப் பார்த்தாலே அது 3,480 யூரோ ஆகிறது, அந்த ஊதியம் உயரும்போதெல்லாம் இதுவும் சேர்ந்து உயரும். ஒரு யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில், உங்கள் சம்பளம் 1,900 யூரோவைக்கூட எட்டாது. ஸ்பெயினில் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் இரண்டு மடங்கு, அதாவது தனியாளுக்கே மாதம் 2,700 யூரோவுக்கு மேல் வேண்டும். மனைவிக்கும் குழந்தைக்கும் சேர்த்தால் அது குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் மூன்று மடங்காகிவிடும். ஸ்பெயினில் இன்னொரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. சம்பளக்காரராகப் போகிறவர் தன் நாட்டின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்திலேயே தொடர்கிறார் என்பதற்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். அத்தகைய சான்றிதழை நம் வருங்கால வைப்பு நிதி அமைப்பு, இந்தியாவோடு சமூகப் பாதுகாப்பு உடன்பாடு செய்துள்ள நாடுகளுக்குத்தான் தருகிறது. போர்ச்சுகலோடு உடன்பாடு இருக்கிறது, ஸ்பெயினோடு இல்லை.

மற்ற நாடுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஆகஸ்டில் இதற்கெனத் தனி விசாவை அறிமுகப்படுத்திய எஸ்டோனியா, இப்போது மாதம் 4,500 யூரோ கேட்கிறது. துபாய் மாதம் 3,500 டாலர். இந்தோனேசியா ஆண்டுக்கு 60,000 டாலர். ஜப்பான் 2024இல் தொடங்கிய ஆறு மாத விசா, விசா விலக்கு பெற்ற நாட்டினருக்கு மட்டுமே என்பதால் இந்தியருக்குக் கிடையாது. தாய்லாந்து 2024 ஜூலையில் தொடங்கிய விசா ஐந்தாண்டுக்குச் செல்லும், ஒவ்வொரு முறையும் 180 நாட்கள் தங்கலாம்; ஆனால் கையிருப்பாக 5 லட்சம் பாட் காட்ட வேண்டும், அது உங்கள் 6 லட்சம் ரூபாயைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம்.

மிஞ்சுவது மலேசியா. அங்கே 'டி.இ. ரந்தாவ்' என்ற பெயரில் 2022இல் தொடங்கிய பாஸ், தகவல் தொழில்நுட்பத் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலருக்கு மேல் இருந்தால் கிடைக்கும். மூன்று மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை தங்கலாம், மேலும் ஓராண்டுக்குப் புதுப்பிக்கலாம், மனைவி மக்களையும் அழைத்துச் செல்லலாம். உங்கள் ஆண்டுச் சம்பளம் 22,80,000 ரூபாய். டாலர் 90 ரூபாயாக இருந்தால் 24,000 டாலர் என்பது 21,60,000 ரூபாய். 95 ரூபாயைத் தொட்டுவிட்டால் அது மிகச் சரியாக உங்கள் சம்பளத்துக்குச் சமமாகிவிடும், அதற்கு மேல் போனால் நீங்கள் தகுதி இழப்பீர்கள். ரூபாயில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இந்த விசாக்கள் எல்லாவற்றிலும் உள்ள சங்கடம் இதுதான்: சம்பளம் குறையாமலே தகுதி குறைந்துவிடும். ஆகவே ஊதிய உயர்வு கடிதம் கைக்கு வந்த பிறகு விண்ணப்பிப்பது நல்லது. விண்ணப்பத்தை மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகத்தின் தளத்தில் நீங்களே போடலாம். கட்டணம் 1,000 ரிங்கிட், உடன் வருகிறவர்களுக்குத் தலைக்கு 500 ரிங்கிட். இதில் 4 லட்சம் ரூபாய்க்கு எங்கே இடம் இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வரி. இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஒருவர் ஒரு நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால், அந்த ஆண்டுக்கு அவர் இந்தியாவில் வசிப்பவர். உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்திருந்தாலும் இந்த அடிப்படை மாறவில்லை. நாட்கள் குறைந்து நீங்கள் என்.ஆர்.ஐ. ஆகிவிட்டால், வெளிநாட்டில் இருந்து செய்த வேலைக்கான சம்பளம் இந்தியாவில் விளைந்த வருமானம் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் அதே சட்டம், என்.ஆர்.ஐ. ஒருவர் இந்தியாவில் பெற்றுக்கொள்ளும் வருமானத்துக்கும் இங்கே வரி உண்டு என்கிறது. உங்கள் சம்பளம் மார்த்தாண்டத்தில் உள்ள வங்கிக் கணக்கில் நேரடியாக விழுகிறது, ஆகவே என்.ஆர்.ஐ. ஆகியும் வரி தொடர்ந்து வரும். கப்பலில் வேலை செய்யும் நம் கடற்கரைப் பிள்ளைகளின் சம்பளம் என்.ஆர்.இ. கணக்கில் வரவு வைக்கப்பட்டால் அதற்கு வரி இல்லை என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017இல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அது வெளிநாட்டுக் கடல் பயணக் கப்பல் பணியாளர்களுக்கான விளக்கம், அதைக் காட்டி நீங்கள் விலக்குக் கேட்க முடியாது. வரியே இல்லாத துபாய்க்குப் போய்விட்டால் தப்பிக்கலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாமல், இந்தியா சார்ந்த வருமானம் 15 லட்சத்தைத் தாண்டும் இந்தியக் குடிமகனை இந்தியாவில் வசிப்பவராகவே கருதும் விதி 2020இலேயே வந்துவிட்டது.

மலேசியாவின் பக்கமிருந்து பார்த்தால், வேலை எந்த மண்ணில் செய்யப்படுகிறதோ அங்கேதான் சம்பளம் விளைகிறது என்பது அவர்களுடைய சட்டம். ஒரு நாட்காட்டி ஆண்டில் 182 நாட்கள் தங்கினால் நீங்கள் அங்கே வசிப்பவர். அதற்குக் குறைந்தால் வசிக்காதவர், அப்போது விகிதம் ஒரேயடியாக 30 சதவீதம். பயப்பட வேண்டாம். இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. நீங்கள் அங்கே தங்கியது 183 நாட்களுக்கு உட்பட்டு, உங்கள் முதலாளி மலேசிய நிறுவனமாக இல்லாமல், உங்கள் சம்பளச் செலவை மலேசியாவில் உள்ள எந்தக் கிளையும் ஏற்காமல் இருந்தால், அந்தச் சம்பளத்துக்கு வரி விதிக்கும் உரிமை இந்தியாவுக்கு மட்டும்தான். அதற்கு நீங்கள் அந்த ஆண்டில் இந்தியாவில் வசிப்பவர் என்று நம் வருமான வரித்துறை தரும் வசிப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது என் ஆலோசனை இதுதான்: அக்டோபர் முதல் வாரத்தில் புறப்பட்டு, மார்ச் கடைசி வாரத்தில் திரும்புங்கள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 29 வரை எண்ணினால் 182 நாட்கள் நிறைந்துவிடும். ஆக அக்டோபரில் புறப்படும்போதே அந்த நிதியாண்டுக்கு நீங்கள் இந்தியாவில் வசிப்பவராகிவிட்டிருப்பீர்கள், நிறுவனம் இப்போது செய்வது போலவே வரியைப் பிடித்துக்கொண்டு போகலாம். மலேசியாவில் தங்கும் காலம் மொத்தம் 183 நாட்களுக்குள் அடங்குவதோடு, டிசம்பர் வரை ஒரு பங்கும் ஜனவரிக்குப் பிறகு ஒரு பங்குமாக அவர்களுடைய இரண்டு ஆண்டுகளில் பிரிந்துவிடும். மகளுக்கு ஜூன் மாதத்தில் பள்ளிச் சேர்க்கையும் தவறாது. போகிற நாள், வருகிற நாள் இரண்டையும் எண்ணிக்கையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். கடவுச்சீட்டில் முத்திரை விழுந்த பக்கங்களையும் போர்டிங் பாஸையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு முழுவதும் தங்குவது சட்டப்படி முடியும்தான். அப்போது மலேசியாவில் வரிக் கணக்குத் தொடங்கி, இங்கே பிடித்த வரியை ஒப்பந்தத்தின்படி திரும்பக் கேட்டு, இரண்டு நாடுகளின் வேறுவேறு ஆண்டுக் கணக்குகளை ஒப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டியிருக்கும். முதல் முறை போகிற ஒரு குடும்பத்துக்கு அந்தத் தொல்லை வேண்டாம் என்பது என் கருத்து.

ரப்பர் விளையைப் பொறுத்தவரை தயக்கமே வேண்டாம், போவதற்கு முன் பதிவு செய்துவிடுங்கள். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகிய மூன்றையும் வாங்க முடியாது. இந்த விஷயத்தில் வசிப்பு என்பது நாட்களை மட்டும் வைத்து முடிவாவதில்லை. வேலைக்காகவோ, எப்போது திரும்புவோம் என்று நிச்சயமில்லாமலோ வெளிநாடு போகிறவர், போன நாளிலிருந்தே இந்தச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராகிவிடுவார். வருமான வரிக்கு ஒரு நிலை, செலாவணிச் சட்டத்துக்கு வேறொரு நிலை என்று இருக்கக் கூடும் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாததால், வளைகுடாவில் இருந்துகொண்டே தென்னை விளை வாங்கிப் பிறகு விற்கும்போது மாட்டிக்கொண்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே வசிக்கும்போது வாங்கிய நிலத்தைப் பின்னால் என்.ஆர்.ஐ. ஆனாலும் வைத்துக்கொள்ளலாம், தாய் தந்தையரிடமிருந்து வாரிசாக வருவதற்கும் தடையில்லை. ஆறு மாதம் போய்த் திரும்பும் திட்டத்தில் உங்கள் நிலை மாறாது என்றே நான் கருதுகிறேன். இருந்தாலும் பத்திரம் முன்னதாகவே முடிந்துவிட்டால் யாரும் கேள்வி எழுப்ப இடமிருக்காது. நிலத்துக்கு மீதித் தொகை கொடுத்த பிறகு கையில் என்ன நிற்கும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை முன்பணம், விமானக் கட்டணம், குழந்தையின் செலவு எல்லாம் போக, மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகையாவது தொடாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பயணத்தை அடுத்த அக்டோபருக்குத் தள்ளிப் போடுங்கள்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய ரசீது ஒரு வெள்ளைத் தாளில் எழுதப்பட்டிருக்கிறது. 'விசா அட்வான்ஸ் 25,000' என்ற ஒரு வரியும் ஒரு கையெழுத்தும் இருக்கின்றன. முழு முகவரி இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை, எந்த நாட்டு விசா என்பதுகூட இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி மத்திய அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பெயர்களை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்படிப்பட்டவர்கூட வேலைக்குப் போகிறவரிடம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. உங்கள் கடிதத்தின் பின்குறிப்பில், கம்பெனி சம்மதிக்காவிட்டால் 'தாய்லாந்தில் ஒரு டேட்டா என்ட்ரி வேலை போட்டுத் தருகிறேன்' என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருகிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரில் உள்ள இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்து வேலை வாங்கும் கும்பல்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 முதல் எச்சரித்து வருகிறது. தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் அங்கிருந்து மீட்கப்பட்டிருக்கிறார்கள். ரிமோட் விசா என்பது ஏற்கெனவே வேலை இருப்பவருக்கான விசா. அந்த விசாவோடு சேர்த்து வேலையும் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது அவருடைய நோக்கம் சரியில்லை. இரண்டாண்டில் நிரந்தரக் குடியுரிமை என்பதும் பொய். மலேசிய பாஸ் நிரந்தர வசிப்புக்கு இட்டுச் செல்வதே இல்லை, போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் நீண்ட கால வசிப்பு உரிமைக்கே ஐந்து ஆண்டுகள் வேண்டும். கொடுத்த பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். உங்கள் கடவுச்சீட்டின் அசல் அவரிடம் இருந்தால் இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டைக் குறித்து ஒரு வார்த்தை. நிறுவனத்தின் குழுக் காப்பீடு பொதுவாக இந்திய மருத்துவமனைகளுக்கு மட்டுமே. மூவருக்கும் ஆறு மாதத்துக்குத் தனியாகக் காப்பீடு எடுத்தாக வேண்டும். வேலை நேரமும் மாறும். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அமெரிக்க வாடிக்கையாளரோடு இப்போது இரவு எட்டரைக்கு நீங்கள் பேசுகிற அழைப்பு அங்கே இரவு பதினொரு மணிக்கு வரும். சிறு குடியிருப்பில் குழந்தை தூங்கும் நேரத்தில் அது எப்படி நடக்கும் என்று இப்போதே யோசியுங்கள். அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதமும் அவர் தனியாக இருக்கப் போகிறாரா, உறவினர் யாராவது வந்து தங்குவார்களா, இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் வண்டி எடுக்க யார் இருக்கிறார்கள் என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் தந்தை குவைத்தில் இருந்த காலத்தில் அந்த வீட்டைத் தனியாகத் தாங்கியவர் அவர், அவருக்கு இதில் சொல்வதற்கு நிறைய இருக்கும். வங்கி, மின்வாரியம், நிலம் சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு அவர் பெயரில் ஒரு பொது அதிகாரப் பத்திரத்தை இங்கேயே பதிவு செய்து வைத்துவிட்டுப் போனால், பிறகு இந்தியத் தூதரகத்துக்கு அலைய வேண்டியிருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புரிவது, உங்களுக்கு வேண்டியது ஆறு மாத அனுபவம் அல்ல, குடும்பத்தோடு ஐரோப்பாவில் நிலையாக வாழ்வது. அப்படியானால் அதற்கான தகுதி உங்களைவிட உங்கள் மனைவியிடம் அதிகம் இருக்கிறது. டிஜிட்டல் நோமேட் விசாவில் உங்களைச் சார்ந்தவராகப் போனால் மலேசியாவில் அவர் செவிலியராக வேலை செய்ய முடியாது. இங்குள்ள வேலையை விட்டுவிட்டு, பணி அனுபவத்தில் ஓர் இடைவெளியை வாங்கிக்கொள்வதுதான் மிச்சமாகும். அதே பி.எஸ்சி. நர்சிங் பட்டத்தோடு அவர் ஜெர்மன் மொழியில் பி2 நிலை வரை தேறி, தன் தகுதிக்கு அங்கீகாரம் பெற்றுவிட்டால், ஜெர்மனியில் திறன்பெற்ற பணியாளராக நுழையலாம். அவருடைய துணைவராகப் போகும் உங்களுக்கு அங்கே எந்த வேலையும் பார்க்கும் உரிமை கிடைக்கும். நிபந்தனைகள் நிறைவேறினால் மூன்று ஆண்டுகளிலேயே நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம். முழு அங்கீகாரம் கிடைக்கும் வரை குடும்பத்தை அழைத்துக்கொள்வது தாமதமாகலாம் என்பதையும், மொழி படிக்க ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது. செவிலியர்களை ஜெர்மனிக்கு அனுப்பும் பணியையும் அது செய்கிறது. ஏஜென்டிடம் இனி ஒரு ரூபாயும் கொடுப்பதற்கு முன் அந்த நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். இதற்கிடையில் அவருடைய மதிப்பெண் பட்டியல்கள், தமிழ்நாடு செவிலியர் மன்றப் பதிவு, இப்போதைய மருத்துவமனையின் பணி அனுபவச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயரும் தந்தை பெயரும் பிறந்த தேதியும் கடவுச்சீட்டில் உள்ளபடியே ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று சரிபார்த்து, வேறுபாடு இருந்தால் இப்போதே திருத்தத்துக்கு எழுதிப் போடுங்கள்.